பொய்ப் பாதை

செங்கமேட்டில் அடி விழத் தொடங்கியது ஒரு வியாழக்கிழமை காலை, சந்தை நிறைந்திருந்த நேரத்தில். அது வானத்திலிருந்து விழுந்ததா, மண்ணிலிருந்து எழும்பியதா என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. குனிந்து தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள், கூடையைத் தலைக்கு ஏற்றியவர்கள், பீடிக்கு நெருப்புக் கேட்டவர்கள், கொடுத்தவர்கள் எல்லாரும் முதுகில் உலக்கை இறங்கியதுபோல ஒரே கணத்தில் விழுந்தார்கள், அடித்த கை ஒன்றும் தெரியவில்லை, சத்தமும் சதையில் விழும் சத்தமாக மட்டுமே இருந்தது. எழ முடிந்தவர்கள் எழுந்து, யார் செய்தது என்று அக்கம்பக்கத்தைப் பார்த்து, இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, வெங்காயக் கடைக்காரர் தராசுத் தட்டால் பக்கத்துக் கடைக்காரரின் மண்டையை உடைத்த சமயத்தில், அதாவது குழாயடியில் ஒரு குடம் நிறையும் நேரத்தில், மறுபடியும் விழுந்தது. திடமானவர்கள் முதல் அடியை எலும்பு முறிவோடு தாங்கினார்கள். வயதானவர்களும் மெலிந்தவர்களும் முதல் அடியிலேயே போனார்கள். இரண்டாவதை யாரும் தாங்கவில்லை.

மாலைக்குள் ஊர் அதன் குணத்தைப் புரிந்துகொண்டது. குடம் நிறையும் நேரத்துக்கு ஒருமுறை, இரவும் பகலும், ஞாயிறும் திங்களும், அது வெட்டவெளியெங்கும் விழும். வீட்டுக்குள் விழாது. வாசல் நிலைக்குள், இரண்டு நிலைக்கால்களுக்கும் மேல்கட்டைக்கும் நடுவில், அசையாமல் நிற்பவர்மேல் விழாது. பந்தல் போட்டுப் பார்த்தார்கள். அடி பந்தலுக்குக் கீழே விழுந்தது. காரில் போய்ப் பார்த்தார்கள். கார் பள்ளத்தில் கிடந்தது, ஓட்டியவர் ஸ்டியரிங்கின்மேல் கிடந்தார். வெறும் நிலையை மட்டும் நடுத்தெருவில் நட்டு, அதற்குள் ஓர் ஆட்டைக் கட்டிப் பார்த்தபோது, அடி விழுந்தபின்னும் ஆடு தழை தின்றுகொண்டிருந்தது. அடுத்த அடிக்கு அது நிலையை விட்டு ஒரு முழம் வெளியே வந்து நின்றது, செத்தது, அப்புறப்படுத்த ஆள் போகும்வரை செத்த ஆட்டின்மேலும் அடி விழுந்துகொண்டே இருந்தது. இன்னொன்றையும் அன்றே தெரிந்துகொண்டார்கள், அதற்குத்தான் அதிகம் பேர் பலியானார்கள்: அடி விழுந்து முடிந்ததே என்று உடனே நிலையை விட்டு ஓடினால், விழுந்த அடியின் வால் திரும்பிவந்து பிடித்துக்கொண்டது. கொஞ்சம் நிற்க வேண்டும், ஒரு மூச்சு இழுத்து விடும் அளவுக்கு, பிறகுதான் காலை எடுத்து வைக்க வேண்டும்.

ஆக, செங்கமேட்டில் வாழ்வதென்றால், அடி விழும்வரை ஒரு நிலைக்குள் நின்று, விழுந்தபின் ஒரு மூச்சு பொறுத்து, பிறகு கிளம்பி, அடுத்த அடிக்குள் அடுத்த நிலையைச் சேர்ந்து, அங்கே அசையாமல் நிற்பது என்று ஆனது. ஊரைவிட்டுப் போக முடிந்தவர்கள் நிலை நிலையாக நடந்து போனார்கள். மாடு இருந்தவர்கள், பயிர் இருந்தவர்கள், படுக்கையில் கிடக்கும் மாமியார் இருந்தவர்கள் போகவில்லை. இருந்தவர்கள் பழகிக்கொண்டார்கள்.

இந்தச் சட்டத்தைக் கேட்டவுடனே, ஊருக்கு வடக்கே கண்ணாடிச் சுவர்களோடு நின்ற சிப் வடிவமைக்கும் கம்பெனியில், நான்காவது மாடியில் உட்கார்ந்திருந்த மூன்று பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் தினமும் செய்கிற வேலையே அதுதான். சிப்புக்குள் ஒரு சமிக்ஞை ஒரு வாசலிலிருந்து கிளம்பி, உள்ளே சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் கிளாக் அடுத்த முறை தட்டுவதற்குள் அடுத்த வாசலைச் சேர வேண்டும்; தட்டுகிற கணத்தில் அசையாமல் இருக்க வேண்டும்; தட்டியபின்னும் ஒரு துளி நேரம் மாறாமல் நிற்க வேண்டும். தாமதித்தாலும் பிழை, அவசரப்பட்டாலும் பிழை. கோடிக்கணக்கான வழிகளில் எந்த வழி பிழைக்கும், எது பிழைக்காது என்று, சிப்பைச் செய்வதற்கு முன்பே, ஒரு சமிக்ஞையைக்கூட ஓடவிட்டுப் பார்க்காமல், கணக்கிட்டே சொல்லிவிடுவது அவர்கள் தொழில்.

மூவரில் தலைவர் தியோடர், நாகர்கோவில்காரர். அவருக்குக் கீழே கோகிலவாணி, செங்கமேட்டிலேயே பிறந்தவள். மூன்றாமவர் ஒரு வங்காளி. அவர் முதல் வாரத்திலேயே நிலை நிலையாக நடந்து ஊருக்குப் போய்விட்டார், ரயில் நிலையத்துக்கு முந்தைய நிலைவரை போனதாகக் கேள்வி.

ஊர் அதுவரை வேறு முறையில் வழி பார்த்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ரேஷன் கடைக்கு ஒரே அடிக்குள் போக முடியுமா என்று தெரிய, யாரையாவது நடக்கவிட்டுப் பார்ப்பார்கள்; அவர் போய்ச் சேர்ந்தால் அது வழி, விழுந்தால் நடுவில் ஒரு நிலை நடுவார்கள். இளந்தாரி ஒருவன் போய்ச் சேர்ந்த வழியில் மறுநாள் கர்ப்பிணி ஒருத்தி விழுந்தாள். வெயிலில் பிழைத்த வழி மழைச் சேற்றில் கொன்றது. அதனால் ஊர்ப் பெரியவர்கள் கம்பெனி வாசலுக்கு வந்து, யாரையும் நடக்கவிடாமல் வழி சொல்லும் வித்தை உங்களிடம் இருக்கிறதாமே என்று கேட்டார்கள். கூட வந்திருந்த தாலுகா அதிகாரி, கையில் கட்டோடு, அடிக்கும் அடிக்கும் நடுவே உள்ள நேரத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் எல்லாருக்கும் நல்லதுதானே, அதற்கு யாருக்கு எழுத வேண்டும் என்று விசாரித்தார்.

"கிளாக் நம்ம கையில இருந்தா எங்களுக்கு எதுக்கு சார் சம்பளம்?" என்றார் தியோடர். நேரத்தைக் கூட்டினாலும் தாமதமாக வருகிறவன்தான் பிழைப்பான், அவசரப்பட்டுக் கிளம்புகிறவன் எத்தனை மெதுவான கிளாக்கிலும் சாவான் என்று அதன்பிறகு பொறுமையாக விளக்கினார். அதிகாரி தலையாட்டினார். திரும்பிப் போகும்போது, மூன்றாவது நிலையில், பேசிக்கொண்டே அவசரப்பட்டுக் கிளம்பி அடியின் வாலில் மாட்டிக்கொண்டார்.

கோகிலவாணி ஊரை அளந்தாள். ஒவ்வொரு நிலையிலிருந்தும் ஒவ்வொரு நிலைக்கும் உள்ள ஒவ்வொரு வழிக்கும் இரண்டு கணக்குப் போட்டாள். முதல் கணக்கில் நடப்பவர் எப்போதும் ஊரிலேயே மெதுவானவர், சேற்றில், இருட்டில், இடுப்பில் குழந்தையும் தலையில் விறகும் சுமந்துகொண்டு. அவர் அடிக்கு முன் போய்ச் சேர்வாரா என்று பார்த்தாள். இரண்டாவது கணக்கில் நடப்பவர் ஊரிலேயே வேகமானவர், பள்ளி விட்டு வரும் பிள்ளை. அது அடியின் வாலில் மாட்டுமா என்று பார்த்தாள். முதல் கணக்கில் தோற்ற வழிகளின் நடுவில் புது நிலைகள் நடப்பட்டன. இரண்டாவதில் தோற்ற இடங்களில், பள்ளி வாசல்களில் முக்கியமாக, ஆசிரியைகள் பிள்ளைகளின் சட்டைக் காலரைப் பிடித்து, ஒரு மூச்சு நேரம் நிறுத்தி, பிறகு விட்டார்கள். கணக்கின் முடிவைப் பள்ளிக்கூடத்து வெளிச்சுவரில் ஊரின் படமாக வரைந்து, தோற்ற வழிகளுக்குச் சிவப்பு அடித்தார்கள். நிலை நட்டதும் சிவப்பை வெள்ளையால் அழித்தார்கள். சிவப்பு இல்லாத வழியெல்லாம் நல்ல வழி என்று ஊர் எடுத்துக்கொண்டது.

தச்சர்கள் செழித்தார்கள். பொட்டல்காட்டிலும் சுடுகாட்டுப் பாதையிலும் கம்பங்கொல்லை வரப்பிலும் வீடில்லாத வாசல்கள் வரிசையாக நின்றன. சிலர் அவற்றுக்கு மாவிலைத் தோரணம் கட்டினார்கள், வெள்ளிக்கிழமைகளில் மஞ்சள் பூசினார்கள். கட்சிக்காரர்கள் தங்கள் நிறத்தை அடித்து, எதிர்க்கட்சிக்காரன் நம் நிலைக்குள் நிற்கக்கூடாது என்றார்கள், அதற்காக இரண்டு பேர் தள்ளிவிடப்பட்டார்கள். கல்யாண ஊர்வலங்கள் நிலைக்கு நிலை நின்று போனதால் முகூர்த்தம் தப்பாமலிருக்க மாப்பிள்ளை முந்தைய நாளே கிளம்பினார். நாய்கள் மனிதருக்கு முன்பே பழகிவிட்டன. ஆடுகள் பழகவேயில்லை.

மனிதர்கள் இன்னொன்றையும் பழகினார்கள். பகையாளியை வெட்ட அரிவாள் வேண்டாம், அடி விழும்வரை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டால் போதும், அல்லது அவன் நிற்கும் நிலையில் அவனுக்கு முன்பே போய் நின்று இடம் விடாமல் இருந்தால் போதும் என்று கண்டுகொண்டார்கள். மேற்குத் தெருவில் ஒரு புருஷன் மனைவியின் சேலைத் தலைப்பை வெளிப்பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய்த் தாழிட்டான். அதற்கடுத்த வாரம் அவளுடைய அண்ணன்மார் அவனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பொட்டலில் வைத்துவிட்டு, நிதானமாக நடந்து திரும்பினார்கள். குதிரைமேட்டு இளந்தாரிகள், யார் கடைசிவரை வெளியில் நின்றுவிட்டு நிலைக்குள் பாய்வது என்று ஆடினார்கள். அந்த ஆட்டத்தில் ஜெயித்தவர்கள் யாரும் வெகுநாள் ஜெயிக்கவில்லை. போலீஸ் எல்லாவற்றையும் அடி விழுந்து இறந்தது என்று எழுதியது. அது பொய்யும் இல்லை.

ஊரின் தென்கோடியில் பெரிய களம் ஒன்று இருந்தது. அதன் ஒரு தலையில் கோகிலவாணியின் அப்பா நாச்சிமுத்துவின் வீடு, மறுதலையில் அவருடைய அண்ணன் ஆறுச்சாமியின் வீடு, இரண்டு வாசலும் ஒன்றையொன்று பார்த்தபடி. நடுவில், கண்ணாடிச் சில்லு பதித்த மதில். அந்த மதிலுக்குக் காரணம் அவர்களைப் பெற்றவர்கள் ஒரே நாளில், ஒருவர் காலையிலும் ஒருவர் மாலையிலும் இறந்துபோனது. அப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைக்க வேண்டும், ஆத்தாளுக்கு இளையவன் வைக்க வேண்டும் என்பது வழக்கம். ஆனால் இருவரையும் ஒரே சிதையில் அடுக்கியிருந்தார்கள். அப்பன் முன்னால் போனார், அதனால் நான்தான் என்றான் மூத்தவன். ஆத்தா மேலே கிடக்கிறாள், அதனால் நான்தான் என்றான் இளையவன். சிதைக்குப் பக்கத்திலேயே நாச்சிமுத்து மண்வெட்டியால் அண்ணனின் முழங்காலை உடைத்தார். ஆறுச்சாமி தம்பியின் இடது காதை அரிவாளால் எடுத்தார். இருவரும் ரத்தத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனபிறகு, மயானத்துக்காரர் தன் பீடி நெருப்பைக் காட்டிச் சிதையைப் பற்றவைத்துவிட்டார். அதன்பின் அந்தக் களத்தை யாரும் கடக்கவில்லை. மதில் மட்டும் அவ்வப்போது உயர்ந்தது.

கணக்குப் போடும்போது கோகிலவாணி அந்தக் களத்துக்கும் வந்தாள். வாசலிலிருந்து வாசலுக்கு ஒரு வழி, அளவும் இருந்தது. ஆனால் நடுவில் ஆளுயரத்துக்கு மேல் மதில், இரண்டு பக்கமும் கொலைப்பகை. இப்படிப்பட்ட வழிகள் சிப்பிலும் உண்டு. தாளில் கோடு இருக்கும், எந்தச் சமிக்ஞையும் அதில் போகாது. அதற்காக நேரத்தை வீணாக்கக் கூடாதென்று, அவர்கள் தொழிலில் அந்த வழியைப் பொய்ப் பாதை என்று குறித்துவிடுவார்கள். குறித்த வழி அதன்பின் கணக்கில் வராது. அது பிழைத்ததாகவும் வராது, தோற்றதாகவும் வராது. அவளும் குறித்தாள். சுவர்ப்படத்தில் களம் வெள்ளையாக இருந்தது.

ஒரு மத்தியானம், அவள் சாப்பிட வந்திருந்தபோது, நாச்சிமுத்து எதிரில் உட்கார்ந்து, சுவரில் நம்ம களத்துக்குச் சிவப்பே இல்லையே, அவ்வளவு நல்ல வழியா அது என்று கேட்டார். அப்பா தன் வேலையைப் பற்றிக் கேட்பது அதுவே முதல் தடவை. கோகிலவாணி சந்தோஷமாக, கையில் சோற்றோடு, எல்லாவற்றையும் விளக்கினாள். நல்ல வழி என்று அர்த்தமில்லை, பார்க்கவே இல்லை என்று அர்த்தம். போக ஆளில்லாத வழியைப் பார்ப்பது வீண்.

"ஊருக்கு அது தெரியுமா, அம்மிணி?" என்றார் அவர்.

"ஊருக்கு எதுக்குங்கப்பா? அந்த வழியில ஆரு போகப் போறாங்க?"

அவர் அவளுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார்.

அதன்பிறகு கோகிலவாணி பல வாரம் வீட்டுக்கு வரவில்லை. வீட்டுக்கும் கம்பெனிக்கும் நடுவே நிலைகள் அதிகம், மழையும் பிடித்துக்கொண்டது. ஊரைவிட்டுப் போகாத மற்ற கம்பெனிக்காரர்களைப்போல அவளும் ஆபீசிலேயே படுத்துக்கொண்டாள். அந்த வாரங்களில் நாச்சிமுத்து, அடிக்கும் அடிக்கும் நடுவே போய் நாலு தட்டுத் தட்டிவிட்டு நிலைக்குத் திரும்புவதாக, கடப்பாரையால் மதிலை இடித்தார். களத்துக்கு வெளியே நிலைகளில் நின்றவர்கள் பார்த்தார்கள். இத்தனை சாவைப் பார்த்தபிறகு மனுஷன் மாறிவிட்டான் என்று ஊர் சொன்னது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகவும் சொல்வார்கள். மதில் முழுவதும் போனபின், சாவு இப்படிக் கூரைக்கு வெளியே நிற்கும்போது நமக்குள் என்ன, ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு ஆக்குகிறேன், அண்ணன் வர வேண்டும் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார். தெருவைச் சுற்றி வந்தால் நிலைகள் பல ஏறி இறங்க வேண்டும், அந்தக் காலோடு எதற்குக் கஷ்டம், களத்துக்குக் குறுக்கே நேராக வந்துவிடலாம், அது நல்ல வழிதான், கோகிலாவே கணக்குப் போட்டிருக்கிறாள் என்றும் சேர்த்துச் சொல்லச் சொன்னார்.

ஆறுச்சாமியின் மனைவி மயிலாத்தாள் வேண்டாம் என்றாள். காது போனவன் கறி ஆக்கிக் கூப்பிடுகிறான் என்றால் எனக்குப் பிடிக்கவில்லை என்றாள். ஆறுச்சாமி பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் போய், நிலை நிலையாக நடந்து, நேரிலேயே பார்த்துவிட்டு வந்தார். சிவப்பு இல்லை. "அவன் பொய் சொல்லுவான். கோகிலா போட்ட கணக்குச் சொல்லாது," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வந்த கோகிலவாணி பின்வாசல் வழியாக நுழைந்தாள், அதுதான் தெருவுக்குக் கிட்டத்து நிலை. அம்மா சரசு அடுப்படியில் ஆட்டுக்கறி வதக்கிக்கொண்டிருந்தாள். இலைக்கட்டு பெரிதாக இருந்தது. யார் வருகிறார்கள் என்று கேட்டதற்குப் பெரியப்பா என்று அம்மா சொன்னாள், சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது. எந்த வழியாக என்று கேட்டாள் மகள். கேட்டுக்கொண்டே முன்வாசலுக்கு வந்தாள்.

வாசல் நிலைக்குள் அப்பா நின்றிருந்தார், புது வேட்டியில். களத்தில் மதில் இல்லை. மறுகோடியில், தன் வீட்டு நிலைக்குள், சலவைச் சட்டையோடு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு, பெரியப்பா நின்றார். அடி விழுந்தது. களத்துப் புழுதி ஒரு விரற்கடை எழும்பி அடங்கியது. பெரியப்பா முறைப்படி ஒரு மூச்சு பொறுத்து, வலது காலைக் கீழே வைத்து, உடைந்த இடது காலை இழுத்துக்கொண்டார்.

வாரக்கணக்கில் ஊரிலேயே மெதுவானவரை எல்லா வழியிலும் மனதுக்குள் நடக்கவைத்துப் பார்த்தவள் அவள். அந்த மெதுவானவர் இப்போது முகத்தோடு வந்துகொண்டிருந்தார். முதல் இரண்டு எட்டு வைத்ததிலேயே அவளுக்கு விடை தெரிந்துவிட்டது. அவர் பாதிக் களத்தைத் தாண்டும் முன் அடி விழுந்துவிடும்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார், வெகுதூரம் நடந்து வந்தவன் தண்ணீரைப் பார்ப்பதுபோல.

கோகிலவாணி அவர் கைக்குக் கீழே குனிந்து களத்தில் ஓடினாள். பின்னால் அப்பா அவள் பெயரைச் சொன்னது கேட்டது. மதில் இருந்த இடத்துக் கற்களில் உள்ளங்கால் கிழிந்தது. பெரியப்பாவைச் சேர்ந்தபோது அவர் அவளைப் பார்த்துச் சிரித்து, எதற்கு ஓடி வருகிறாய், நான் என்ன புது மாப்பிள்ளையா என்றார். அவள் அவர் தோளைப் பிடித்துத் திருப்பினாள், வீட்டுக்குப் போங்க, திரும்பிப் போங்க என்றாள். அவர் காலை ஊன்றி நின்றுகொண்டார். இத்தனை வருஷம் கழித்துத் தம்பி கூப்பிட்டிருக்கிறான், பாதி வழியில் திரும்பினால் மறுபடி மதில்தான் வரும் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான், ஆனால் அதைச் சொல்லி முடிக்க அவருக்கு நேரம் பிடித்தது. அவள் இழுத்தாள். அவர் கையிலிருந்த பழம் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தார்.

தன் நிலையில் நின்ற நாச்சிமுத்து அதையெல்லாம் பார்த்தார். ஓடினால் மகள் திரும்பிவிட நேரம் இருந்தது, கொஞ்ச நேரம் முன்புவரை இருந்தது, இப்போது இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. அவரும்தான் பல நாளாக அந்தக் களத்தின்மேல் கண் வைத்துக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஓடினார். வேட்டி அவிழ்ந்தது, விட்டுவிட்டு ஓடினார். வந்து சேர்ந்ததும், குனிந்திருந்த அண்ணனை நிமிர்த்தி, அவருடைய இரண்டு கைகளையும் தன் கைகளில் கோத்து, தலைக்கு மேல் உயர்த்தினார். சின்னப் பிள்ளைகள் இருவர் எதிரெதிராக நின்று கைகோத்து வளைவு பிடிக்க, மற்றவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு அதற்குள் நுழைந்து போகும் விளையாட்டு ஒன்று எல்லா ஊரிலும் உண்டு. இந்தக் களத்தில் அவர்கள் இருவரும் அதை விளையாடியவர்கள். அண்ணனுக்கு எதற்கென்று புரிய அவகாசமில்லை, ஆனால் கைகளுக்குப் புரிந்தது, அவை இறுகிக்கொண்டன. நாச்சிமுத்து முழங்காலால் மகளை இடித்து வளைவுக்குள் தள்ளினார்.

"அசையாத, சாமி," என்றார்.

அடி விழுந்தது.

அது அந்த வளைவை நிலை என்று ஒப்புக்கொண்டது. நடுவில் நின்றவளைத் தொடவில்லை. அவளுக்கென்று வந்ததையும் சேர்த்து நிலைக்கால்கள் இரண்டின்மேலும் இறங்கியது. மரம் என்றால் ஒரு கீறல் விழுந்திருக்கும். ஆறுச்சாமியின் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது, கண்கள் திறந்தபடியே இருந்தன, தம்பியின் கைகளைப் பிடித்தவாறே அவர் கீழே போனார். நாச்சிமுத்துவின் தோள்பட்டைகள் இரண்டும் மார்புக்குள் இறங்கிவிட்டன; வாயில் ரத்தம் வந்தது; ஆனால் மூச்சு இருந்தது. நாச்சிமுத்து வாரக்கணக்கில் எதை நினைத்து மதிலை இடித்தாரோ அது அவர் காலடியில், அவர் நினைத்த இடத்திலேயே, கிடந்தது.

கோகிலவாணி ஒரு மூச்சு பொறுத்தாள். அவள் உடம்பு அதைத் தானாகச் செய்தது. பிறகு அப்பாவின் இடுப்பைப் பிடித்து, தங்கள் வீட்டுப் பக்கம் இழுக்கத் தொடங்கினாள். அங்கே அம்மா நிலைக்குள் கரண்டியோடு நின்று வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள், சத்தம் வரவில்லை. தூரம் அதிகம். அவளுக்கு அது தெரிந்தது, தெரிந்தும் இழுத்தாள்.

அப்போது பின்பக்கத்திலிருந்து மயிலாத்தாளின் குரல் வந்தது.

"இந்தப் பக்கம் கொண்டா, கோகிலா. இதுதான் கிட்டம்."

அவள் திரும்பினாள். பெரியம்மா தன் வீட்டு நிலைக்குள் நின்றிருந்தாள். கோகிலவாணி அப்பாவைத் திருப்பி, செத்துக் கிடந்தவரைச் சுற்றி, அந்த வாசலை நோக்கி இழுத்தாள். கடைசி எட்டுகளில் மயிலாத்தாள் கையை நீட்டி நாச்சிமுத்துவின் தலைமயிரைப் பிடித்து உள்ளே இழுத்துப்போட்டாள். மூவரும் நிலைக்குள் நெருக்கியடித்து நின்றபோது அடி விழுந்தது, களத்தில், ஆறுச்சாமியின்மேல். சலவைச் சட்டைக்குள் ஏதோ முறிவது இவ்வளவு தூரத்துக்குக் கேட்டது.

மயிலாத்தாள் கண்ணை மூடவில்லை. அது அடங்கியபின் கொழுந்தனைப் பார்த்தாள். அவர் நிலைக்காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"தெரிஞ்சுதான கூப்பிட்ட?" என்றாள்.

"ஆமாங்க," என்றார் நாச்சிமுத்து.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. எனக்கு எப்படின்னு சொல்லிக் குடுத்தவ அவதான். எதுக்குன்னு அவளுக்குத் தெரியாது."

கோகிலவாணி நான்தான் என்று ஏதோ சொல்லத் தொடங்கினாள். மயிலாத்தாள் அவளை நிறுத்தி, இப்போது வேண்டாம், அதையெல்லாம் பிறகு என் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லுவாய் என்றாள். குடம் நிறைகிற நேரம் அவ்வளவு நீளம் என்று அதற்குமுன் செங்கமேட்டில் யாரும் அறிந்ததில்லை. எதிர்வாசலில் அம்மா இப்போதுதான் சத்தமாக அழுதாள்.

மறுபடி விழுந்தது. ஆறுச்சாமியின் உடல் தரையோடு துள்ளி, கை ஒன்று மடங்கிப் புரண்டது.

"அண்ணனுக்கு வலிக்குமுங்க அண்ணி," என்றார் நாச்சிமுத்து. சின்னப் பையனின் குரலில் சொன்னார். சொல்லிக்கொண்டே எழுந்தார், எழ முடியாத உடம்போடு எழுந்தார், படியிலிருந்து இறங்கக் காலை நீட்டினார்.

மயிலாத்தாள் அவர் பனியனைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்தாள். ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்த கோகிலவாணிக்கு, பெரியம்மா விட்டுவிடுவாள் என்றே தோன்றியது. விட்டால் போதும், தள்ளக்கூட வேண்டாம், போலீசும் வழக்கமானதைத்தான் எழுதும். மயிலாத்தாள் விடவில்லை. விரல் கணுக்கள் வெளுக்க இறுக்கிப் பிடித்தாள்.

"இரு. இப்பத்தான் விழுந்திருக்குது. உடனே கால வெச்சா உன்னையும் புடிச்சுக்கும். மூச்சு இழு."

அவர் இழுத்தார்.

"விடு."

விட்டார்.

"இப்ப எறங்கு. கோகிலா, நீ கால் பக்கம். தலைய நான் புடிச்சுக்கறேன்."

மூவரும் களத்தில் இறங்கினார்கள்.